தறி ஷெட்டில் ஒரு ராக் பாட்டு: பிளெண்டரில் செய்து பார்த்தது

நண்பர்களின் ராக் பாட்டு ஒன்றுக்கு வீடியோ எடுத்து, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் எஃபெக்ட் சேர்க்கிறேன். பாட்டின் வேகம் 150 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 150 தட்டு. ஒரு தட்டுக்கு 0.4 விநாடி. விநாடிக்கு 25 பிரேமில் எடுத்தால் ஒரு தட்டுக்குச் சரியாகப் பத்து பிரேம், நாலு தட்டு சேர்ந்த ஒரு பாருக்கு 40. எந்த எஃபெக்ட் எந்த பிரேமில் விழணும் என்பதை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். 24 பிரேமில் எடுத்தால் தட்டுக்கு 9.6 என்று வரும். பெரும்பாலான தட்டுகள் இரண்டு பிரேமுக்கு நடுவில் போய் விழும். சினிமா என்றால் 24தான் என்று நண்பர்கள் சொன்னார்கள். இந்தப் பாட்டுக்கு 25தான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதும் இதற்குத் தோதாக அமைந்தது. ஷட்டரை (ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 விநாடி வைத்தால் டியூப்லைட்டும் பெரும்பாலான எல்இடியும் படத்தில் மினுக்காது.

பாட்டு கோயம்புத்தூரில் இருக்கும் என் நண்பர்களுடையது. பாடுபவள், கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று நாலு பேர். கிட்டார் வாசிப்பவனின் மாமா சோமனூரில் விசைத்தறி ஓட்டியவர். கூலி நெசவு கட்டுப்படியாகாமல் தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். ஷெட் மட்டும் நிற்கிறது. பாட்டே அந்த ஷெட்டைப் பற்றியதுதான், டிரம்ஸ் தொடக்கமும் தறிச் சத்தத்திலிருந்து பிடித்தது. அதனால் வீடியோவில் என்ன வரணும் என்பதில் எங்களுக்குள் பேச்சே எழவில்லை. அங்கே இல்லாத தறிகள், கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடிக்கு அடி, ஒளிக்கோடுகளாகத் தரையிலிருந்து எழும்பணும்.

நெருப்பு, புகை வேண்டும் என்று பேஸ் வாசிப்பவனுக்கு ஆசை. ஷெட்டின் மூலை முடுக்கெல்லாம் பஞ்சுத் தூசி. நிஜ நெருப்பை உள்ளே கொண்டுபோவது நினைத்தும் பார்க்கக் கூடாத விஷயம். புகை, நெருப்பைக் கணக்கிட்டு உருவாக்கும் பிளெண்டரின் மாண்டாஃப்ளோவில் புகையை மட்டும் போட்டுப் பார்த்தேன். அதில் ரெசல்யூஷனை இரண்டு மடங்காக்கினால் கணக்கிட வேண்டிய கட்டங்கள் எட்டு மடங்காகும், நீளம், அகலம், உயரம் மூன்றும் கூடுவதால். அவ்வளவு நேரம் செலவழித்தாலும் புகை இந்தப் பாட்டுக்குச் சேரவில்லை. புகை மெதுவாக நகரும், பாட்டு வெட்டி வெட்டிப் போகிறது. விட்டுவிட்டோம்.

அந்த ஷெட்டின் தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். தறிகளைக் கழற்றிய பிறகும் அவற்றைப் பிடித்து வைத்திருந்த போல்ட்டுகள் சிமென்ட்டில் அப்படியே நிற்கின்றன. ஒரு தறிக்கு நாலு மூலை, நாலு போல்ட், இப்படி வரிசை வரிசையாக. பல வருட எண்ணெய் இறங்கித் தரை கறுத்திருக்கிறது. போல்ட்டின் தலை மட்டும் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து வெள்ளையாக மின்னுகிறது. கேமரா டிராக்கிங் (படத்தில் நகரும் புள்ளிகளை வைத்து கேமரா எப்படி நகர்ந்தது என்று கணிப்பது) செய்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட வரம் என்று தெரியும். கறுப்புத் தரையில் சின்ன வெள்ளைப் புள்ளி, இடம் மாறாது, ஒன்றுக்கொன்று தூரமும் தெரியும். பல இடங்களில் மார்க்கர் ஒட்டித்தான் ஆகணும், இங்கே தரை அந்த வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.

ஆனால் எல்லாப் புள்ளியும் ஒரே தளத்தில் இருந்தால் கேமராவின் அசைவை மென்பொருளால் உறுதியாகக் கணிக்க முடியாது. உயரத்திலும் ஆழத்திலும் புள்ளிகள் வேண்டும். அதனால் ஒவ்வொரு ஷாட்டிலும் சுவரில் இருக்கும் மோட்டார் ஸ்விட்ச் பெட்டி, ஜன்னல் கம்பி, கூரையின் இரும்புச் சட்டம் இவற்றில் ஒன்றாவது தெரிகிற மாதிரி கேமராவை நகர்த்தினோம். நின்ற இடத்தில் கேமராவைத் திருப்புவது போதாது, நடக்கணும். அப்போதுதான் கிட்டே இருக்கும் போல்ட் வேகமாகவும் தூரத்துச் சுவர் மெதுவாகவும் நகர்ந்து, பிளெண்டருக்கு ஆழம் புரியும். கேமராவின் ஸ்டெபிலைசேஷனை, அதாவது கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதியை, அணைத்துவிட்டோம். அது உள்ளே சென்சாரை ஆட்டிக்கொண்டே இருந்தால் படத்தின் மையம் பிரேமுக்கு பிரேம் மாறும், கணக்கு இடறும். எஃபெக்ட் வரும் ஷாட்டுகளுக்கு ஷட்டர் 1/100. புள்ளிகள் இழுபடாமல் கிடைத்தன.

பிளெண்டரில் குறைந்தது எட்டுப் புள்ளிகள் கிடைத்தால் சால்வ் கொடுக்கலாம், அதாவது கேமராவின் அசைவைக் கணக்கிடச் சொல்லலாம். நான் முப்பதுக்கு மேல் வைத்துக்கொண்டு, தள்ளாடுபவற்றை ஒவ்வொன்றாக நீக்கினேன். சால்வ் எரர் (அந்தக் கணக்கின் பிழை) ஒரு பிக்சலுக்குக் கீழே வந்தால் வேலை செய்யலாம். எங்கள் ஷாட்டுகள் பலவற்றில் அரை பிக்சலுக்கும் கீழே வந்தது. இரண்டு போல்ட்டுக்கு நடுவே டேப் வைத்து அளந்திருந்ததால் செட் ஸ்கேலில் அந்த அளவைக் கொடுத்தேன். அந்த நிமிடம் முதல் திரையில் இருப்பது நிஜ ஷெட்டின் அளவிலேயே இருந்தது. தறி மாடலைக் கொண்டுவந்து வைத்தபோது நாலு காலும் நாலு போல்ட்டில் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை, அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரீன் மேட், அதாவது பச்சைத் துணி முன்னால் எடுத்துப் பிறகு பச்சையை நீக்கும் முறை, வேண்டாம் என்று முன்பே முடிவு. ராக் பேண்டை, அதுவும் டிரம்ஸை, பச்சைத் துணி முன்னால் உட்கார வைப்பதை எனக்குப் பிடிப்பதில்லை. சிம்பல் பித்தளை நிறம். அந்த மஞ்சளில் சிவப்போடு பச்சையும் கலந்திருக்கிறது. மேலே துணியின் பச்சையும் பட்டுத் தெறித்தால், பச்சையை நீக்கும் கருவியான கீயர் சிம்பலையே ஓட்டையாக்கிவிடும். டிரம் ஸ்டாண்டின் குரோம் கம்பிகளிலும் முழுப் பச்சை. போதாக்குறைக்கு எங்கள் கேமரா 4:2:0வில் பதிகிறது, நாலு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல். தலைமுடியை வீசி ஆடும் ஒருவரை அந்தத் தகவலை வைத்து ஓரம் பிரிக்க முடியாது.

அதற்குப் பதிலாக, ஓரத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத எஃபெக்டைத் தேர்ந்தெடுத்தோம். ஒளிக்கோடு படத்தின் மேல் கூட்டப்படுகிறது, எதையும் மறைப்பதில்லை. ஆளுக்குப் பின்னால் இருக்கும் தறியை ஆள் இருக்கும் இடத்தில் மட்டும் மங்கச் செய்தால் போதும். அதற்கு, ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளுக்குள் இருக்கும் ஃப்யூஷனில் கையால் ரோட்டோ செய்தேன், அதாவது ஆளின் உருவத்தைப் பிரேம் பிரேமாக வரைந்து பிரித்தேன். முழு உருவத்தையும் ஒரே வடிவமாக வரையாமல் தலை, உடம்பு, மேல்கை, முன்கை என்று தனித்தனி வடிவம். கை மேலே போகும் உச்சி, கீழே விழும் இடம் இரண்டுக்கும் முதலில் கீ போட்டு (அந்த பிரேமில் வடிவத்தின் நிலையைப் பதிந்து), பிறகு நடுப் பிரேம், அப்புறம் அதற்கு நடு. மேக்ஸ் ஃப்ளெய்ஷர் 1917இல் ரோட்டோஸ்கோப்புக்குக் காப்புரிமை வாங்கியதிலிருந்து இந்த வேலையின் அடிப்படை மாறவே இல்லை. பத்து பிரேமுக்கு ஒரு தட்டு என்ற கணக்கு இங்கேயும் கைகொடுத்தது: டிரம்மரின் கை அதே சுற்றில் திரும்ப வருவதால் பழைய கீயை நகலெடுத்துக் கொஞ்சம் நகர்த்தினாலே பாதி வேலை முடிந்தது.

நம்பும்படி இருப்பதற்குப் பெரிய காரணம் என்று நான் நினைப்பது, ஷூட்டிங்கிலேயே வைத்த நிஜ வெளிச்சம். மேடை விளக்குக்காரரிடம் எல்இடி விளக்குகள் வாடகைக்கு எடுத்து, தறி எழும்பப்போகும் இடத்தில் தரையோடு வைத்தோம். அந்த விளக்குகளில் சத்தத்துக்கு ஏற்பத் தானே மின்னும் வசதி உண்டு, ஆனால் அது ஸ்னேருக்கும் மின்னும், சிம்பலுக்கும் மின்னும். கிட்டார் வாசிப்பவனின் தம்பியைக் கன்ட்ரோலரில் உட்கார வைத்து, கிக் விழும்போது மட்டும் தட்டச் சொன்னோம். பையனுக்கு நல்ல தாளம். அவன் தட்டியது சில இடங்களில் ஒன்றிரண்டு பிரேம் முன்னே பின்னே இருக்கும். அங்கெல்லாம் கம்ப்யூட்டர் தறியை அவன் விளக்குக்கு ஏற்ப நகர்த்தினேன். முகத்தில் விழும் வெளிச்சமும் தறியும் ஒரே பிரேமில் வந்தால்தான் கண் ஏற்றுக்கொள்கிறது. சத்தத்துக்கு ஒரு பிரேம் முன்னால் படம் வந்தால் யாருக்கும் உறுத்தவில்லை. ஒரு பிரேம் பிந்தினால் உடனே தெரிகிறது. எட்ட நடப்பதை முதலில் பார்த்து அப்புறம் கேட்டே பழகியவர்கள் நாம், அதனால் இருக்கலாம்.

இனி அசைவு. கிக் டிரம்மின் ஒலியை பிளெண்டரில் வளைகோடாக மாற்றி, அந்தக் கோட்டை ஒளியின் அளவோடு இணைக்கலாம். முழுப் பாட்டைக் கொடுத்து, தாழ்ந்த அதிர்வெண்ணை மட்டும் எடு என்றால் சரிவராது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, கிக்கும் அதே பக்கம்தான் இருக்கிறது. இரண்டும் கலந்து ஒளி எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். ரெக்கார்டிங் செய்தவரிடம் கிக்கின் டிராக்கைத் தனியாக வாங்கிக்கொண்டோம். வீடியோ செய்ய நினைப்பவர்கள் மிக்ஸிங் முடிந்த கையோடு இதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நாடாவின் (தறியில் ஊடை நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் கட்டையின்) ஓட்டத்தை மட்டும் நான் கையால் அனிமேட் செய்தேன். முதல் வடிவத்தை மாமாவிடம் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாடா இப்படி மெதுவாக் கிளம்பாதுங்க தம்பி. தடி அடிச்ச அடியில பறக்கும், அந்தப் பக்கம் போய் டக்குனு நிக்கும்," என்றார். மேசையில் விரலால் சுண்டியும் காட்டினார். கீ பிரேமுக்கு நடுவே பிளெண்டர் தானாகக் கொடுப்பது மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும் வளைவு. அதை நேர்கோடாக்கினேன். முதல் பிரேமிலேயே முழு வேகம், எட்டு பிரேமில் மறுபக்கம், இரண்டு பிரேம் நிற்கும், அடுத்த அடி. ஒளியையும் அப்படியே மாற்றினேன்: ஒரே பிரேமில் உச்சம், பிறகு ஆறேழு பிரேமில் தணிதல். தறியின் அடியும் டிரம்மின் அடியும் ஒரே மாதிரி உருவம் கொண்டவை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அதன் பிறகு திரையில் தெரிந்த நூல்களுக்குக் கனம் வந்தது. இந்த வீடியோவில் எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான், அதற்கு வழி காட்டியவர் மாமா.

கேமரா படத்தையும் கம்ப்யூட்டர் படத்தையும் சேர்க்கும் கம்பாசிட்டிங்கில் ஒரு விஷயம். பிளெண்டர் 4.0 முதல் வண்ணத் தோற்றம் ஏஜிஎக்ஸ் என்று வருகிறது. முழுக்க முழுக்க கம்ப்யூட்டர் காட்சிக்கு அது அருமை. கேமராவில் எடுத்த படம் அதன் வழியாகப் போனால் வெளுத்துவிடும், அதனால் ஸ்டாண்டர்ட் என்று மாற்றிக்கொண்டேன். மோஷன் பிளரையும் (அசைவில் வரும் மங்கலையும்) கேமராவுக்கு இணையாக வைத்தேன்: 25 பிரேமில் 1/100 ஷட்டர் என்றால் கால் பிரேம், பிளெண்டரில் 0.25.

ஸ்லோ மோஷனில் உடம்பு மிதக்கும், உதடு மட்டும் பாட்டோடு ஒத்துப்போகும் அந்த ஷாட் எங்களுக்கும் வேண்டியிருந்தது. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு 50 பிரேமில் எடுத்து, 25இல் ஓட்டணும். பாடுபவள் அந்த வேகத்தில் வாயசைக்க வீட்டில் பழகிக்கொண்டு வந்தாள். சரிபார்ப்பது சுலபம்: ப, ம வரும் இடங்களில் உதடு மூடியிருக்கணும், அந்த பிரேம்களை மட்டும் நிறுத்திப் பார்த்தால் போதும். டிரம்மருக்கு இது நடக்காது, 150இன் இரட்டிப்பு 300. பாட்டின் நடுவே வேறு மெட்டில் வரும் பிரிட்ஜ் பகுதியில் மட்டும் தாளம் பாதியாக இறங்குகிறது. "மச்சி, அங்க டபுள் போட்டாலும் எனக்கு நம்ம பழைய ஸ்பீடுதான்டா, அதுல எடு," என்று அவனே சொன்னான். அங்கே எடுத்தோம்.

ரெண்டர் கணக்கையும், அதாவது கம்ப்யூட்டர் படங்களை உருவாக்க ஆகும் நேரத்தையும், சொல்லிவிடுகிறேன். பாட்டு 3 நிமிடம் 44 விநாடி, 5600 பிரேம். அதில் எஃபெக்ட் வருவது மூன்று கோரஸிலும் (திரும்பத் திரும்ப வரும் பல்லவிப் பகுதி) பிரிட்ஜிலும். ஒரு கோரஸ் 16 பார், 640 பிரேம். மூன்றும் சேர்த்து 1920. என் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டில் பிரேமுக்கு ஏறக்குறைய 40 விநாடி என்றால் 21 மணி நேரம். வீடியோ ஃபைலாக எடுக்காமல் பிரேமுக்கு ஒன்றாக ஈஎக்ஸ்ஆர் வகைப் படங்களாக எடுப்பதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட பிரேமிலிருந்து தொடரலாம். ஏற்கெனவே இருக்கும் படத்தின் மேல் மறுபடி எழுதும் ஓவர்ரைட் தேர்வை மட்டும் எடுத்துவிடணும்.

கிட்டார் சோலோவில் எந்த எஃபெக்டும் இல்லை. அங்கேயும் நூல் பறக்கணும் என்று கேட்டார்கள், போட்டும் காட்டினேன். பார்ப்பவர் கண் நூலின் பின்னால் ஓடுகிறது, விரல்களை யாரும் பார்ப்பதில்லை. அவன் அந்த சோலோவுக்கு எவ்வளவு உழைத்தான் என்று எனக்குத் தெரியும். வெறும் ஷெட், ஒரு விளக்கு, கை. அப்படியே வைத்துவிட்டோம்.

இப்போது மூன்று கோரஸும் முடிந்தன, பிரிட்ஜ் பாக்கி. அதில் கேமரா இரண்டு தறி வரிசைக்கு நடுவே நடந்து போகிறது. தூரத்தில் அழகாக இருந்த கோட்டுத் தறி கிட்டே வந்தால் வெறும் கூடாகத் தெரிகிறது; பாவு பீம், அச்சு, நாடாப் பெட்டி எல்லாம் உள்ளே வேண்டும். பல கோணத்தில் போட்டோ எடுத்து முப்பரிமாண மாடலாக்கும் வழியைப் பார்த்தேன். எண்ணெய் மின்னும் இரும்பு அதற்கு ஒத்துவராது, பளபளப்பு ஒவ்வொரு போட்டோவிலும் இடம் மாறும். அதனால் டேப்தான். பக்கத்து ஷெட்காரரிடம் மாமா பேசிவிட்டார், அங்கே தறி நிற்கும் நாளில் போய் ஒவ்வொரு பாகமாக அளக்கப் போகிறோம். அளவுகளைக் குறிக்க பேஸ் வாசிப்பவன் வருகிறான்; எந்தப் பாகம் எதற்கு என்று சொல்ல மாமாவும் வருகிறார்.