குட்டைக்கு ஓரங்கட்டுன கதை

போன தை மாசம் தோட்டத்துச் சாளைக்கு முன்னால சின்னதா ஒரு குட்டை வெட்டுனோமுங்க. 10 அடி நீளம், 7 அடி அகலம், நடுவுல ரெண்டரை அடி ஆழம். பண்ணைக்குட்டைக்கு விரிக்கற அதே 500 மைக்ரான் கருப்பு ஷீட்டுதான், ரெண்டு பக்க ஆழத்தையும் கூட்டி ஓரத்துக்கு அடி அடி உட்டு 17க்கு 14ன்னு வாங்கி விரிச்சு தண்ணியும் உட்டாச்சு. இதெல்லாம் ரெண்டே நாள் வேலை. ஓரத்துல கல்லு வெக்கறதுக்குத்தான் ஒம்போது மாசம் ஆச்சு.

எங்க காங்கயம் பக்கம் காட்ட உழுதா மொதல்ல வர்ற வெளைச்சலே வெங்கச்சாங்கல்லுதான், குவார்ட்ஸ்னு சொல்வாங்களே அது. வெள்ள வெளேர்னு இருக்குது, காசும் இல்ல, தேங்கா சைசுல பொறுக்கிட்டு வந்து ஒன்னையொட்டி ஒன்னு சுத்தி வரிசையா அடுக்கி, ஃபோட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்புல போட்டு லைக்கெல்லாம் வாங்கிட்டேன். சாயங்காலம் அம்மாயி, எங்கம்மாவோட அம்மா, வந்துச்சு. இடுப்புல கைய வெச்சுட்டு ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "ஏன் அம்மிணி, ஆருக்குச் சமாதி கட்டிருக்கற?"ன்னு கேட்டுச்சு. அதுக்கப்புறம் அது எனக்கும் சமாதியாத்தான் தெரிஞ்சுது. (இதே கல்லுல தெளிவானதா எடுத்துத்தான் ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி நம்ம நொய்யல் கரையில கொடுமணல்ல பாசிமணி பண்ணுனாங்க. நாம பண்ணுனது இது.)

அழகு போனாப் போவுதுன்னு உட்டிருப்பேன், சித்திரையில தண்ணி இறங்க ஆரம்பிச்சுது. வெயிலுக்கு ஆவியாப் போவுதுன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, நானும் நம்பி தெனமும் பைப்ப தொறந்து உட்டுட்டே இருந்தேன். அப்புறந்தான் ஒரு பக்கெட்டுல தண்ணி புடிச்சு குட்டை பக்கத்துலயே வெயில்ல வெச்சு, பக்கெட்டுலயும் ஷீட்டுலயும் சாக்பீஸ்ல கோடு போட்டு உட்டேன். மறுநாள் பாத்தா பக்கெட்டுல அரை சென்டிமீட்டரு கொறஞ்சிருக்குது, குட்டையில மூணு. அப்ப மிச்சம் எங்க போச்சு?

ஷீட்டுல ஓட்டை இல்லைங்க. ஓரத்துல ஷீட்ட அப்படியே வெளிப்பக்கம் படுக்க மடிச்சு உட்டு, அது தெரியக்கூடாதுன்னு மேல செம்மண்ணப் போட்டு அருகம்புல்லு வேற நட்டு வெச்சிருந்தேன். அந்த மண்ணு தண்ணிக்குள்ள கால நீட்டிட்டு, வெளக்குத் திரி எண்ணெய இழுக்கற மாதிரி ராத்திரி பகலா இழுத்து வெளிய உட்டுட்டு இருந்துச்சு. புல்லு மட்டும் அந்தக் கோடையில என்னா பச்சைங்கறீங்க! அப்பவே சந்தேகப்பட்டிருக்கோணும்.

மேஸ்திரி ஆடியிலதான் வந்தாரு. அதுவும் நல்லதாப் போச்சு, பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்து தண்ணியத் தள்ளித் தள்ளி கெழபுறமா வழிய வெச்சுட்டு இருந்துச்சு. டியூப் லெவல் புடிச்சுப் பாத்தா கெழபுறம் ரெண்டு இன்ச்சு பள்ளம். நம்ம பக்கம் நெலமே கெழக்க பாத்துத்தானே சாயுது, கண்ணுக்கு மட்டமாத்தான் தெரியும், தண்ணி உட்டாத்தான் சொல்லும். கல்லு வெக்கறதுக்கு முன்னாடியே சுத்தி மட்டம் பாத்திருந்தா பாதி வேலை மிச்சம்.

எல்லாத்தையும் பிரிச்சோம். மட்டம் சரி பண்ணிட்டு, தண்ணி நிக்கற மட்டத்துல இருந்து 8 இன்ச்சு கீழ, ஒரு அடி அகலத்துக்கு சுத்தியும் படி வெட்டி ஷீட்ட அந்தப் படி மேல படிய உட்டோம். கல்லு இப்ப குட்டைக்கு வெளிய இல்ல, படியில உக்காந்து பாதி தண்ணிக்குள்ள, பாதி மேல. ஷீட்டு கல்லுக்குப் பொறத்தால ஏறி, தண்ணி மட்டத்துக்கு மேல ரெண்டு இன்ச்சு நட்டமா நிக்குது, அதுக்கு அந்தப்பக்கந்தான் மண்ணு. இனி மண்ணுக்கும் தண்ணிக்கும் ஒட்டு ஒறவே இல்ல. கல்லுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல மெத்தையா இருக்கட்டும்னு திருப்பூர்ல இருந்து பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை வாங்கிட்டு வந்து போட்டேன், இருவது நாள்ல அழுகி ஊரே நாறுச்சு, திரும்ப ஒவ்வொரு கல்லாத் தூக்கி எல்லாத்தையும் உருவி எடுத்துட்டு ஷீட்டுத் துண்டையே ரெண்டா மடிச்சுப் போட்டோம். நீங்களாவது பருத்தியப் போட்டுறாதீங்க.

கல்லுக்கு வெலைக்கே போகல. பழைய கெணத்து மேட்டுல கெடந்த கருங்கல்லு, வேலியோரத்துக் கல்லு, இதுங்கதான். சுக்காங்கல்லு மட்டும் வேண்டாம், அதுல இருக்கற சுண்ணாம்பு தண்ணியில எறங்கி காரத்தன்மைய ஏத்திடும். சந்தேகமா இருந்தா எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு பாருங்க, பொசுபொசுன்னு நொரைச்சா அது சுக்காங்கல்லு. எங்கம்மாயி நான் புழியறதப் பாத்துட்டு கல்லுக்கு சுத்திப் போடறேன்னே நெனச்சுட்டுச்சு. நர்சரியில விக்கற பளபளப்பான வெள்ளக் கூழாங்கல்லும் தண்டம், வெயில்ல ஒரே மாசத்துல பாசி புடிச்சு பச்சையாயிடும்.

மொதல்ல ஆளு ரெண்டு பேரு பொரட்டற மாதிரி மூணு பெரிய கல்லு, சமதூரமா இல்லாம மனம்போன இடத்துல. அதுங்கள ஒட்டி நடுத்தரம், சந்துல சின்னது, அப்புறம் முக்கா இன்ச்சு ஜல்லி. காட்டுல வெயில் பட்டுக் கறுத்துக் கெடந்த பக்கம் மேல வரோணும், இல்லீன்னா நேத்து ஒடச்ச கல்லு மாதிரி மொகம் காட்டும். மேஸ்திரிக்கு இது புடிக்கவே இல்ல. "ஏனுங்கக்கா, ஒரே அளவா வெச்சு சிமெண்ட் பூசிட்டா கோயில் தெப்பக்கொளமாட்ட இருக்குமல்லங்க"ன்னு கடசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரு. கெழபுறம் பழைய துணி தொவைக்கற பலகைக்கல்ல வெச்ச எடத்துல மட்டும் சிமெண்டுக்கு சரின்னேன். அந்தப் புது சிமெண்டுக்காக தண்ணிய ரெண்டு தடவ மாத்தி, வாழைத்தண்ட வெட்டிப் போட்டு ரெண்டு வாரம் ஊற உட்டுத்தான் கப்பி மீன் உட்டேன், கொசுவுக்கு.

ஒரு மூலையில மட்டும் கல்லு வெக்காம ஜல்லியில சரிவா எறக்கி உட்டிருக்கேன். மொத தடவ கட்டுனப்ப ஒரு அணில்குட்டி ஏற முடியாம செத்து மெதந்துச்சுங்க, அத எடுத்துப் பொதச்சது இன்னும் மனசுல இருக்குது. இப்ப அந்தச் சரிவுலதான் காலங்காத்தால காக்கா குளிக்குது, தேனீ வந்து ஈரக்கல்லுல உக்காந்து தண்ணி உறிஞ்சுது. பக்கத்துலயே கல்லுச் சந்துல வல்லாரை வெச்சேன், கல்லத் தெரியாம மூடிட்டு வருது, வாரம் ஒருக்கா தொவையல்.

ஐப்பசி மழையில குட்டை ரொம்பி நிக்குது. நேத்து அம்மாயி பலகைக்கல்லு மேல உக்காந்து கால தண்ணியில உட்டுட்டு ரொம்ப நேரம் பேசாமயே இருந்துச்சு. நல்லாருக்குதுன்னு சொல்லும்னு நானும் நின்னுட்டே இருந்தேன். எந்திரிச்சு பக்கத்துக் கல்லு மேல கால வெச்சு ஒரு அமுத்து அமுத்திட்டு, "இது ஆடுது அம்மிணி"ன்னுட்டுப் போயிருச்சு. இன்னிக்கு சாயங்காலம் அதுக்கு அடியில ஒரு சில்லு வெக்கோணும்.