பரலுக்குள் ஒரு பண்டி

27.07.2025, ஞாயிறு

மனைவியின் அண்ணன், என் மச்சான், வட கரோலைனாவிலிருந்து இராத்திரி கோல் எடுத்தார். ஓகஸ்ட் 17 அவருக்கு அறுபது முடிகிறது. 14 வருசத்துக்குப் பிறகு மட்டக்களப்புக்கு, ஊருக்கு வருகிறார், ஆட்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுக்க வேண்டும், ஆனால் பிரியாணி வேண்டாமாம்.

"முழுப் பண்டி மச்சான். பரலுக்குள்ள, விடியவிடியப் புகையில. நீங்க வெல்டிங் கடை வச்சிருக்கிற ஆள்தானே?"

அவர் இருக்கிற மாநிலத்தின் கிழக்குப் பக்கத்தில் பார்பிக்யூ என்றால் முழுப் பன்றிதான். வினாகிரியும் மிளகாயும்தான் அதற்குச் சோஸ், தக்காளி சேர்க்க மாட்டார்கள். டெக்சஸ்காரருக்கு மாட்டு நெஞ்சிறைச்சிதான் பெரிசு என்று சொல்லும்போது மச்சானுக்கு வந்த ரோசத்தைப் பார்த்தால், இங்கே பள்ளிக்கூடங்களின் பிக் மேட்ச் கிரிக்கெற் நாளில் பழைய மாணவர் இரண்டு பேர் சண்டை பிடிப்பது போல இருந்தது.

மனைவி விரல் விட்டு எண்ணினாள். 130 பேர். அதில் பண்டி தின்னுகிறவர்கள் 70 தேறும்.

02.08.2025, சனி

தேங்காயெண்ணெய் வந்த 200 லீற்றர் பரல் இரண்டு கிடைத்தது. பெற்றோல், இரசாயனம் வந்த பரல் சும்மா தந்தாலும் சாப்பாட்டுக்கு எடுக்கக் கூடாது. எண்ணெய்ப் பரலென்றாலும் நேரே கிறைண்டரைப் பிடிக்க முடியாது. உள்ளே ஆவி நின்றால் ஒரு பொறி போதும். சோடாத்தூளும் சுடுதண்ணியும் விட்டு மூன்று தரம் கழுவி, தண்ணீர் நிரப்பி, மேல்மூடியை உளியால் வெட்டித் திறந்தேன். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டையும் நீட்டுக்குப் பொருத்தி, பாதியாக வகிர்ந்து, மேல்பாதிக்குப் பிணைச்சல் போட்டாயிற்று. ஒரு தலைப்பில் நெருப்புப் பெட்டி, மற்றத் தலைப்பில் புகைக்குழாய். நெருப்பு இறைச்சிக்குக் கீழே இருக்காது, பக்கத்தில் இருக்கும். சூடும் புகையும் மட்டும் இறைச்சியைத் தடவிக்கொண்டு போய் வெளியேறும். படம் கீறாமலே கை செய்துவிட்டது. கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டுக்குக் கல்வனைஸ் கம்பி போடவில்லை. நாகம் பூசின இரும்பு சூடேறினால் வரும் வெள்ளைப் புகை எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த காய்ச்சல். சாதாரண இரும்புக் கம்பிதான். கடைசியாக உள்ளே பெரிய நெருப்பு மூட்டிப் பழைய பூச்சையெல்லாம் எரித்தேன். கல்லடி முழுக்க நாறியது, பக்கத்து வளவு மாமி கொடியில் காய்ந்த சீலையை எடுத்துக்கொண்டு போனா.

06.08.2025, புதன்

ஒத்திகை. 4 கிலோ தோள் இறைச்சி. கரிந்துபோனது.

மச்சான் 225 என்றார். நானும் 225-இல் பிடித்தேன். இரண்டு மணித்தியாலத்தில் வெளியே கறுத்து உள்ளே சிவப்பாக ஒரு கட்டை. படம் அனுப்பினேன். சிரித்து முடிக்கவே அவருக்கு ஐந்து நிமிசம் போனது. அவர் சொன்னது பரனைற்றில். நம்முடைய கணக்கில் 107.

இன்னொரு பிழையும் இருந்தது. சிக்கனம் பார்த்துத் தேங்காய்ப் பொச்சுமட்டை போட்டிருந்தேன். நல்ல வெள்ளைப் புகை, பார்க்கப் பெருநாள் மாதிரி. வெட்டி வாயில் வைத்தால் மருந்துக் கசப்பு.

08.08.2025, வெள்ளி

போயா, பௌர்ணமி விடுமுறை. இறைச்சிக்கடை பூட்டு. வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டிலும் மரக்கறிதான்.

பின்நேரம் திராய்மடுவுக்குப் போய் அங்கிளைக் கண்டேன். போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர், தச்சர், 2004 சுனாமி வரைக்கும் டச்பார் கரையோரத்தில் இருந்தவர். நத்தாருக்கு மணலில் கிடங்கு வெட்டிப் பண்டிக்குட்டி வாட்டின ஆள். பொச்சுமட்டை என்றதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அது நுளம்புக்குப் போடுறது மகன். புகை கண்ணுக்குத் தெரிஞ்சா அது நல்ல புகை இல்ல. மெல்லிசா, நீலமா, தெரிஞ்சும் தெரியாம வரணும்."

சூட்டுக்குச் சிரட்டைக்கரி, வாசத்துக்குக் காய்ந்த கொய்யாக் கொள்ளி, நின்று எரியப் புளியங்கொள்ளி. பச்சைக் கொள்ளி கூடவே கூடாது. நெருப்புக்குக் காற்றுப் போதாமல் போனால்தான் வெள்ளைப் புகையும் கசப்பும் வரும். அதனால் புகைக்குழாயை ஒருநாளும் அடைக்காதே, காற்று உள்ளே போகிற வாசலில் கூட்டிக் குறை என்றார். வெல்டிங் ரோச்சில் ஒட்சிசனைத் திருகுகிற எனக்கு அதை இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது.

12.08.2025, செவ்வாய்

வெட்கக்கேடு.

தன்னாமுனைப் பக்கம் பண்டி பார்க்கப் போனோம். போன வருசக் கடைசியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து பல பட்டிகள் காலியான பிறகு, கடிதமில்லாமல் பண்டி அசையாது. அந்த நோய் மனிசருக்குத் தொற்றாது, ஆனால் பண்டியை மிச்சம் வைக்காது. மிருக வைத்தியரின் கடிதம் இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் மச்சானே பேசி வைத்திருந்தார்.

உயிரோடு 55 கிலோ. சுத்தம் செய்தால் தலையும் தோலும் சேர்த்து 40 நிற்கும். எலும்பும் கொழுப்பும் தண்ணீரும் போக, வெந்த இறைச்சி 16 கிலோ கிடைத்தால் சந்தோசம். 70 பேருக்குக் காணும்.

பட்டிக்காரர் சும்மா கேட்டார், "தட்டு எவ்வளவு அகலம்?" 57 சென்ரிமீற்றர், பரலின் வாய் அளவு. அவர் பண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதுகெலும்பை வகிர்ந்து விரித்து வைத்தால் 75 வருமாம். நான் நீளத்தை மட்டும் அளந்திருக்கிறேன். 1.75 மீற்றர் நீளத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். 30 வருசத் தொழில்!

இராத்திரியே பரலை அடியிலும் மூடியிலும் நடுவால் வெட்டி, 25 சென்ரிமீற்றர் தகடு ஒன்று வைத்து ஒட்டினேன். இப்போது அது பரல் மாதிரியும் இல்லை, சவப்பெட்டி மாதிரித்தான் இருக்கிறது. மனைவி அதைச் சொல்ல வேண்டாம் என்றாள், அண்ணனுடைய பிறந்தநாளாம்.

16.08.2025, சனி, இரவு

காலையில் அறுத்து, முத்திரை குத்தி வந்த பண்டியை மீன் ஐஸ் போட்ட றிஜிபோம் பெட்டிகளில் வைத்திருந்தோம். இந்த வெக்கையில் ஐஸ் இல்லாமல் ஒரு மணித்தியாலமும் வைக்கக் கூடாது. பின்நேரம் உப்பு, மிளகு, உள்ளி, கறுவா, கொஞ்சம் கொறுக்காப்புளி அரைத்துப் பூசினோம். மச்சான் உப்பு மட்டும் போதும் என்றார். அங்கிள் கேட்கவில்லை.

8.30: நெருப்பு.

9.45: சூடு 112-இல் நிற்கிறது. தோல் கீழே, நெஞ்சு மேலே. தடித்த தோள் நெருப்புப் பக்கம், மெல்லிய வயிறு நடுவில்.

11.20: கொழுப்புச் சொட்டுகிறது. அடியில் தட்டு வைத்தது நல்லது, இல்லாவிட்டால் பற்றியிருக்கும். நான் மூடியைத் திறந்து பார்த்தேன். சூடு 85-க்கு விழுந்தது. பழையபடி ஏற 25 நிமிசம்.

12.10: திரும்பவும் திறந்தேன். அங்கிள் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து மூடிக்கு முன்னால் போட்டு அதில் உட்கார்ந்துவிட்டார்.

2.30: தோளுக்குள் 68 பாகை.

3.30: 68.

4.15: 69. கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலமாக ஒரு பாகை. சூடு பார்க்கிற கம்பி பழுதோ என்று சுடுதண்ணியில் வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் காட்டுகிறது. கொள்ளியை அள்ளிப் போடத்தான் கை போனது. இரும்பு இளகாவிட்டால் நெருப்பைக் கூட்டுவேன், அது பழகின கை. மச்சான் தடுத்தார். இறைச்சி வேர்க்கிறதாம். வருகிற சூட்டையெல்லாம் அந்த வேர்வை ஆவியாகிக் கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணி குளிருவதும் அப்படித்தானே. அமெரிக்காவில் அந்த நேரத்தில் தாளிலோ அலுமினியத் தாளிலோ சுற்றுவார்கள் என்றார். அங்கிள் ஒன்றும் பேசாமல் வளவுக்குள் போய் வாழையிலை வெட்டி வந்து, தணலில் வாட்டி, தோளையும் தொடையையும் மூடினார்.

5.40: 74. கடல் பக்கம் வெளிக்கிறது. மீன் வள்ளத்துச் சத்தம்.

17.08.2025, ஞாயிறு

தோள் 9.15-க்கு 91 பாகை. உண்பதற்கு 63 தாண்டி மூன்று நிமிசம் இருந்தாலே பாதுகாப்பு, ஆனால் அந்தச் சூட்டில் தோள் தோல்வார் மாதிரி இருக்கும். சவ்வெல்லாம் பாகாகி இளக 90 வேண்டும். தோள்பட்டை எலும்பைப் பிடித்து மெல்லச் சுழற்றினேன். ஒரு துண்டு இறைச்சியும் ஒட்டாமல், கழுவி எடுத்தது போல வெள்ளையாகக் கையோடு வந்தது. நான் அந்த எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றதாக மகள் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

காத்தான்குடியிலிருந்து இரும்புக்கடைக் காக்கா விடியவே வந்துவிட்டார். 25 கோழி, ஹலாலாக அறுத்தது, அவருடைய கத்தி, அவருடைய பலகை, அவருக்கென்று நான் புதிதாகச் செய்த தட்டு. அந்தத் தட்டைக் கடையிலேயே கொடுத்துவிட்டேன், எங்கள் வளவுக்கு அது வரவேயில்லை. கேற்றடியில், பரலுக்கு மேல்காற்றில் நின்றார். பத்தரைக்குக் கச்சான் காற்று விழுந்து கடல்காற்றுக் கிறுகியது, எங்கள் புகை நேரே அவர் பக்கம். கேட்க முதல் அவரே அடுப்பின் ஒரு காதைப் பிடித்தார். "மற்றப் பக்கத்தப் பிடிங்க தம்பி." வளவைச் சுற்றிக்கொண்டு போய் கிழக்கு வேலியடியில் வைத்தோம்.

ஓடர் கொடுத்த பேக்கரி பணிஸை 11-க்குத் தருவதாகச் சொல்லி 1.20-க்குத் தந்தது. அதற்குள் பாதிச் சனம் பாணோடு தின்றுவிட்டது. இறைச்சியைப் பிய்த்து, தென்னங்கள்ளு வினாகிரியில் செத்தல்மிளகாயும் சீனியும் போட்ட தண்ணியை ஊற்றி, மேலே கோவாச் சம்பல். மாமி பணிஸைக் கையால் தொடவில்லை. சோறு வாங்கி, இறைச்சியை அதில் போட்டு, "நல்லாத்தான் இருக்கு, குழம்புதான் இல்ல" என்றா. மச்சான் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மறுகா சட்டித் தயிரும் பாணியும். வயலின் வந்தது, அங்கிள் ஆடினார், அதையெல்லாம் எழுத எனக்கு நித்திரை விடவில்லை.

18.08.2025, திங்கள்

பரல் கழுவினேன். அடித்தட்டில் உறைந்த கொழுப்பு நாலு கிலோ இருக்கும். தலையை அங்கிள் நேற்றே இலையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

பத்து மணிக்குக் கடைக்கு ஒருவர் வந்தார். மகளின் கலியாணமாம், இதே மாதிரிப் பரல் ஒன்று வேண்டுமாம், எவ்வளவு வரும் என்று கேட்டார்.

பண்டியை அளந்துகொண்டு வரச் சொன்னேன். அகலத்தை.