போதும் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லும் மருத்துவம்

சீன மரபு மருத்துவத்தின் பெயரால் விற்கப்படும் ‘டீடாக்ஸ்’ (நச்சு நீக்கும்) தேநீர்ப் பொட்டலங்களில், காலையும் இரவும் ஒரு கோப்பை வீதம் மாதக்கணக்கில் குடித்துவர வேண்டும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல் ஏற்படுகிறது. உடலில் தேங்கியதை வெளியேற்றும் சிகிச்சை அந்த மருத்துவத்தில் உண்மையிலேயே உண்டு. ஆனால் அதை யாருக்கு, எந்த நிலையில் தொடங்கலாம் என்பதை எவ்வளவு நுணுக்கமாக வகுத்தார்களோ, அதே நுணுக்கத்தோடு எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் வகுத்திருக்கிறார்கள். பொட்டலத்தில் காணாமற்போவது இந்த இரண்டாவது பாதிதான்.

ஹான் வம்சத்தின் இறுதிக் காலத்தில், கி.பி. 200-ஐ ஒட்டி, ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர் எழுதிய ‘ஷாங்ஹான் லுன்’ காய்ச்சல் வகைகளுக்கான நூல். அதில் வரும் ‘குய்ஜி தாங்’ என்ற கஷாயம் வியர்வையின் வழியே நோயை வெளியேற்றுவதற்கானது. கஷாயத்தைக் குடித்தபின் சூடான நீர்த்த கஞ்சியைக் குடித்து, போர்த்திக்கொண்டு, உடல் முழுதும் இலேசாக வியர்க்கும்படி இருக்க வேண்டும்; வியர்வை தண்ணீராக வழிந்தோடும்படி விடக் கூடாது; முதல் வேளையிலேயே வியர்த்து நோய் தணிந்துவிட்டால் மீதிக் கஷாயத்தைக் குடிக்க வேண்டியதில்லை என்று நூல் கட்டளையிடுகிறது. இரேவற்சின்னி (ருபார்ப் வேர்) சேர்ந்த ‘தா செங்சி தாங்’ என்ற கடும் பேதி மருந்துக்கும் இதே விதிதான்: மலம் இறங்கியதும் எஞ்சியதைக் குடிக்காதே. தயாரித்த மருந்தை வீணாக்கினாலும் பரவாயில்லை என்ற இந்த எச்சரிக்கை, மருந்தின் வேகத்தை நேரில் கண்ட ஒருவரிடமிருந்துதான் வர முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த முறையின் மிகத் தீவிரமான ஆதரவாளர் என்று வரலாறு குறிப்பிடுபவர், ஜின் வம்சக் காலத்தில் வாழ்ந்த ஜாங் சோங்ஜெங் (1156–1228). நோய் என்பது உடலுக்கு இயல்பாக உரியதன்று, அது அயலாக வந்து சேர்ந்தது, ஆகவே அதைத் துரத்துவதே முதல் வேலை என்று வாதிட்ட அவர், வியர்வை, வாந்தி, பேதி ஆகிய மூன்று வழிகளையும் துணிந்து கையாண்டார். அவருடைய பெயரே இன்றைய விளம்பரங்களுக்கு மிகப் பொருத்தமாக இருந்திருக்கும்; ஆனால் அவரும் நோயாளிக்குத்தான் இம்முறைகளைப் பயன்படுத்தினாரே தவிர, நலமாக இருப்பவரை அவ்வப்போது கழுவி எடுப்பதற்கு அல்ல. நோயைத் தாக்குவதற்கு மருந்து, உடலைத் தேற்றுவதற்கு உணவு என்பது அவருடைய தெளிவான பிரிவினை.

நச்சு என்று அம்மருத்துவம் சொல்வதில் பெரும்பகுதி வெப்பத்தோடு தொடர்புடையது. தொண்டை வீக்கம், சீழ்க் கட்டிகள், கொதிக்கும் காய்ச்சல் ஆகியவற்றுக்கு ஹனிசக்கிள் பூ, ஃபார்சித்தியா காய், கோப்டிஸ் வேர் போன்ற குளிர்ச்சியான மூலிகைகளைத் தருவார்கள். இவற்றில் பல கடுமையான கசப்புடையவை. நீண்ட நாள் உட்கொண்டால் மண்ணீரலையும் இரைப்பையையும், அதாவது அம்மருத்துவத்தின் கணக்கில் செரிமானத்தின் அடித்தளத்தையே, நலிவடையச் செய்யும் என்பது அங்கே பாலபாடம். எப்போதும் கை கால் சில்லிட்டு, மலம் இளகிப் போகும் ஒருவருக்கு வெப்பம் தணிக்கும் தேநீரைத் தருவது அவர்கள் நோக்கிலேயே தவறான வைத்தியம். (இரவு ஒன்று முதல் மூன்று மணி வரை கல்லீரல் நச்சை வெளியேற்றுகிறது என்று வலம்வரும் கடிகாரப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: உயிராற்றல் எந்த நேரத்தில் எந்தப் பாதையில் மிகுந்து ஓடுகிறது என்பதே பழைய கோட்பாடு. கழிவுநீக்க அட்டவணை என்பது அதன்மேல் பின்னாளில் ஒட்டப்பட்டது.)

எடை குறைப்புத் தேநீர்கள் பலவற்றில் இரேவற்சின்னியோ நிலாவரை இலையோ இருக்கின்றன. இவற்றிலுள்ள ஆந்த்ரகுயினோன் வகைப் பொருள்கள் பெருங்குடலைத் தூண்டி மலத்தை இறக்குகின்றன. தராசில் தெரியும் இறக்கத்தில் பெரும்பங்கு நீரும் மலமுமே. நெடுங்காலம் குடித்தால் பெருங்குடலின் உட்சுவர் கருமை படிவதும், பொட்டாசியம் குறைவதும் மருத்துவர்கள் நன்கறிந்தவை.

இதைவிடக் கொடிய நிகழ்வு பெல்ஜியத்தில் நேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில், உடல் மெலிவதற்காக மாத்திரைகள் உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. ‘ஃபாங்ஜி’ என்ற பொதுப் பெயரைப் பகிரும் இரு செடிகளில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று கலந்ததும், அந்த மற்றொன்றில் சிறுநீரகத்தைச் சிதைக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருந்ததும் பின்னர் தெரியவந்தன. அந்த அமிலம் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது.

சீனாவிலும் இச்சிக்கல் இருந்தது. கல்லீரல் வெப்பத்தைத் தணிப்பதற்காகப் பரவலாகப் பயன்படுத்தப்பட்ட ‘லோங்தான் சியேகான்’ மாத்திரையில் இதே அமிலமுள்ள ‘குவான் முதோங்’ என்ற கொடி சேர்க்கப்பட்டிருந்தது. அக்கொடியை மருந்தாகப் பயன்படுத்தும் அனுமதியைச் சீன அரசு 2003-இல் நீக்கியது. அதன்பின் அம்மாத்திரையில், முதோங் என்றே பெயர்கொண்ட, இந்த அமிலமற்ற வேறொரு கொடி இடம்பெறுகிறது.