செர்னோபில் சாவடியில் தடுத்த சர்நேம்

உக்ரைன் போருக்கு முன்னால், அணு உலை விபத்து நடந்த செர்னோபில் போய்வந்தேன். விசா, கீவ் வரை விமானம், தங்குமிடம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. சிக்கல் வந்தது டித்யாத்கி சோதனைச் சாவடியில். விபத்துக்குப் பிறகு மக்களை வெளியேற்றி அடைத்துவைத்த 30 கிலோமீட்டர் விலக்கு மண்டலத்தின் நுழைவாயில் அது.

அங்கே போய் டிக்கெட் வாங்கி நுழைய முடியாது. நம் பாஸ்போர்ட் விவரங்களைப் பயண நிறுவனம் முன்கூட்டியே அனுப்பி, அனுமதிப் பட்டியலில் பெயரை ஏற்ற வேண்டும். அசல் பாஸ்போர்ட்டையும் பட்டியலையும் வைத்துக்கொண்டு போலீஸ்காரர் ஒவ்வொருவராகச் சரிபார்ப்பார். என் பாஸ்போர்ட்டில், நம்மில் பலருக்கும் இருப்பதுபோல, சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர். ஸ்கேன் பிரதியை நான் ஒழுங்காக அனுப்பியிருந்தேன். நிறுவனமோ அப்பா பெயரை விட்டுவிட்டு, என் பெயரையே சர்நேமாக அடித்து அனுப்பிவிட்டது. போலீஸ்காரரின் பேனா பட்டியலில் கீழே இறங்கி, என் வரியில் நின்றது. பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார், என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வேலை அது. எனக்கு வயிறெரிந்தது நிறுவனத்தின் மேல்தான். வழிகாட்டிப் பெண் போன் போட்டால், "வழக்கமாக விட்டுவிடுவார்களே" என்று பதில் வருகிறது. வேனில் இருந்தவர்கள் என்னால் காத்துக்கிடந்தார்கள். கடைசியில் கைகொடுத்தது நான் அச்சிட்டு எடுத்துப்போன மின்னஞ்சல். அதிலிருந்த பாஸ்போர்ட் எண்ணும் பட்டியலில் இருந்த எண்ணும் ஒன்றே என்று அந்தப் பெண் வரிக்கு வரி காட்டி வாதாடினார். மேலதிகாரி வந்து பார்த்துத் தலையசைத்தபோதுதான் மூச்சு வந்தது.

ஆனால் போன நேரம் போனதுதான். ஏவுகணைகளைக் கண்டறிய சோவியத் காலத்தில் கட்டிய டுகா ரேடாரை அன்றைய திட்டத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். ஏறக்குறைய 150 மீட்டர் உயர ஆன்டெனா. அதைப் பார்க்கத்தான் நான் முக்கியமாகப் போனேன். பணம் எதுவும் திரும்பி வரவில்லை.

அணுமின் நிலைய ஊழியர்கள் குடியிருந்த ப்ரிப்யாத் நகரத்துக்குப் போக முடிந்தது. 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1:23க்கு நான்காம் உலை வெடித்தது. அங்கிருந்த ஏறக்குறைய 49,000 பேரை மறுநாள் மதியம்தான் பேருந்துகளில் ஏற்றினார்கள். மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். அந்த மே தினத்துக்குத் திறக்க வேண்டிய ராட்டினம் இன்னும் நிற்கிறது. கோபாச்சி கிராமத்து மழலையர் பள்ளி வாசலில் வழிகாட்டி, கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டரைத் தரைக்கு அருகில் கொண்டுபோனதும் அது விடாமல் அலறியது. இடுப்பு உயரத்துக்குத் தூக்கினார், அடங்கிவிட்டது. பையைத் தரையில் வைக்காதே, வெட்டவெளியில் சாப்பிடாதே என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளியேறும்போது கதிர்வீச்சுச் சோதனைக் கருவியில் ஏறிக் கையை வைத்து நிற்க வேண்டும். எனக்குப் பச்சை விளக்கு. எனக்குப் பின்னால் வந்தவருக்குச் சிவப்பு. ஷூவின் அடிப்பாகத்தைக் கழுவிவிட்டு வந்தபிறகுதான் அவரை விட்டார்கள். அதனால் பழைய, வழுவழுப்பான அடிப்பாகம் உள்ள ஷூவாகப் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளம் பள்ளமாக இருந்தால் மண் ஒட்டிக்கொள்ளும். முழுக்கைச் சட்டையும் முழுக்கால்சட்டையும் கட்டாயம்.

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை அந்த வழியாக நுழைந்தபிறகு சுற்றுலா நின்றுபோனது. மறுபடி திறந்தால், கிளம்புவதற்கு முன் பட்டியலில் உங்கள் வரியை மட்டுமாவது படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே வரிசையில் அப்பா பெயரும் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.