‘முழுநேர’ என்ற சொல்லைத் தின்றவன்

2017 செப்டெம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. அப்போது இலங்கையின் மலையக ஊரான ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி அறையில் இருந்துகொண்டு, ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன். டெல்லியில் அமைச்சரவை மாற்றம். நிர்மலா சீதாராமனுக்குப் பாதுகாப்பு அமைச்சு. மதுரையில் பிறந்தவர் என்பதில் எனக்கும் கொஞ்சம் புளகாங்கிதம். வெளிநாட்டுச் செய்திகளில் ‘இந்தியாவின் முதல் முழுநேரப் பெண் பாதுகாப்பு அமைச்சர்’ என்றுதான் இருந்தது. தலைப்பு இரண்டு வரிக்குள் அடங்கவில்லை. ‘முழுநேர’வைத் தூக்கிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே கொட்டகலைப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அழைத்தார்.

“தம்பி, அப்ப இந்திராகாந்தி யாரு?”

1975இல் சில வாரங்கள், பிறகு 1980 முதல் 82 வரை, பிரதமராக இருந்தபடியே அந்தப் பொறுப்பையும் இந்திரா வைத்திருந்தார். அந்த ஒரு சொல்லுக்குள் இருந்த சங்கதி அதுதான். மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியர் விடவில்லை.

“அது அவங்க நாட்டுக் கதை. நம்ம நாட்டுல 1960லயே அது யாருகிட்ட இருந்திச்சு?”

அப்போதைய அரசியலமைப்பான சோல்பரி யாப்பின்படி, பாதுகாப்பும் வெளிவிவகாரமும் பிரதமரோடேயே ஒட்டிவந்தவை. ஆகவே சிறிமாவோ பண்டாரநாயக்கவிடம். உலகின் முதல் பெண் பிரதமர் என்ற பெரிய செய்திக்குள் இது அமுங்கிப்போனது. இங்கே இந்த அமைச்சு பெரும்பாலும் நாட்டின் தலைவர் கையிலேயே இருந்திருக்கிறது. அதனால் பாதுகாப்பு அமைச்சர் என்று தனியாக ஒரு முகம் நமக்குப் பழக்கமில்லை. போரின் கடைசி ஆண்டுகளில் வெளிநாட்டுச் செய்திகளில் நான் அதிகம் தட்டச்சு செய்தது அமைச்சின் செயலாளர் கோட்டாபய ராஜபக்சவின் பெயரைத்தான்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சிறிமாவோ என்றால் இது எதுவும் இல்லை. இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களை இரு நாடுகளும் பங்குபோட்ட 1964 ஒக்டோபர் 30 ஒப்பந்தம்தான். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரின் கதை பிறகு பார்க்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அப்பாயியின் தங்கச்சி அந்தக் கணக்கில், ஒப்பாரிக் கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயிலில் ஏறிப் போனவர்.

என் பழைய மொழிபெயர்ப்புகளையும் அன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். 2008இல் ஸ்பெயினின் பாதுகாப்பு அமைச்சர் கார்மே சாக்கோன் கர்ப்பிணி வயிற்றோடு அணிவகுப்பைப் பார்வையிட்டதற்கு ஒரு பெரிய படம். அவருடைய கொள்கை பற்றி ஒரு வரி. 2013இல் ஜெர்மனியின் உர்சுலா வொன் டெர் லையன்: முதல் பந்தியிலேயே ஏழு பிள்ளைகளின் தாய். அவருக்கு முன்பு இருந்தவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எந்தச் செய்தியிலும் நான் மொழிபெயர்த்ததில்லை. அனுப்பியவர்கள் எழுதியிருந்தார்கள், நானும் அப்படியே போட்டிருக்கிறேன். வேலை முடிந்தால் சரி என்ற புத்தி.

2018 ஜனவரியில் ஜோத்பூரில் நிர்மலா சுகோய்-30 போர் விமானத்தில் பறந்த படம் வந்தது. இந்த முறை படக்குறிப்பில் பெயர், பதவி, விமானம், ஊர் மட்டும். விமானி உடையில் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு ஒரு சொல்லும் செலவழிக்கவில்லை.

பத்திரிகையைக் கொழுந்துக் கறை படிந்த விரலால் தடவிப் பார்த்த அப்பாயி, “யாரு இந்தப் புள்ள?” என்றார்.

“இந்தியாவோட பாதுகாப்பு அமைச்சர், அப்பாயி. மதுரையில பொறந்தவங்க.”

“எந்தங்கச்சி போன ஊரா?”

“இல்ல, அவங்க போனது கோத்தகிரி.”

“ரெண்டும் கிட்டவா?” என்று கேட்டார்.