வளையம் தளர்ந்தது, எதனால்?

குமரி மாவட்டத்தில் மருந்தியல் ப்ராஜெக்ட் தொடங்கும் காலத்தில் ஆய்வகத்துக்கு ஏதாவது ஓர் இலையோ மொட்டோ வந்து சேராமல் இருக்காது. முருங்கை, தூதுவளை, மாறாமலைக் கிராம்பு, இப்படி. கேள்வி மட்டும் மாறுவதில்லை: இதிலுள்ள ஃபிளேவனாய்டு (ஒரு வகைத் தாவரச் சேர்மம்) இரத்தக் குழாயைத் தளர்த்துமா? பெரும்பாலும் தளர்த்தும். ஆனால் ஆர்கன் பாத்தில் (திசுவை உயிரோடு வைத்து அதன் சுருக்கத்தையும் தளர்வையும் அளக்கும் கரைசல் தொட்டியில்) தொங்கும் அயோர்ட்டா (பெருந்தமனி) வளையம் வேறு பலவற்றுக்கும் தளரும். சிக்கலே அங்கேதான்.

தொல்லை இலை காய்வதிலிருந்தே ஆரம்பம். நம் ஊருக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அந்த ஈரத்தில் முருங்கை இலையை நிழலில் பரப்பினால் காய்வதற்குள் பூஞ்சை பிடிக்கிறது, இலையின் நொதிகளும் ஃபிளேவனாய்டைச் சிதைக்கின்றன. 40 டிகிரி ஹாட் ஏர் அவனில் காயவைப்பதே நல்லது. 100 கிராம் பொடிக்கு 70 சதவீத எத்தனால் 1 லிட்டர். 72 மணி நேரம் இருட்டில் ஊறவைத்து, அவ்வப்போது குலுக்கி, வடிகட்டி, 50 டிகிரியைத் தாண்டாமல் வற்றவைக்க வேண்டும்.

பாத்தில் திசுவை உயிரோடு வைக்கும் கிரெப்ஸ் கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும். லிட்டருக்கு சோடியம் குளோரைடு 6.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.35, மக்னீசியம் சல்பேட் (ஏழு நீர் மூலக்கூறு கொண்டது) 0.3, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.16, சோடியம் பைகார்பனேட் 2.1, குளுக்கோஸ் 2. கால்சியம் குளோரைடு (இரு நீர் மூலக்கூறு கொண்டது) 0.37 கிராமைக் கடைசியில், கார்போஜன் வாயுவை (ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு கலவை) குமிழவிட்ட பிறகே சேர்க்க வேண்டும். முந்திக்கொண்டு சேர்த்தால் கரைசல் பால்போல் கலங்கும். அதைக் கொட்டிவிட வேண்டியதுதான், வடிகட்டிப் பயன்படுத்த முடியாது.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு எடுத்த எலியின் மார்பு அயோர்ட்டாவை, கொழுப்பை நீக்கி, 3 முதல் 4 மில்லிமீட்டர் வளையங்களாக வெட்டுகிறோம். 37 டிகிரியில், 10 மில்லி பாத்தில், சுமார் 2 கிராம் இழுவிசையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நிலைப்படுத்தி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். கம்பியை நுழைக்கும்போது உட்சுவரில் உரசினால் எண்டோதீலியம் என்ற உட்சுவர்ச் செல் அடுக்கு போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. நாளத்தைத் தளர்த்த வேண்டிய அசிடைல்கோலின் ஏன் சில தயாரிப்புகளில் தளர்த்தவில்லை என்ற புதிருக்கு 1980-இல் ஃபர்ச்காட்டும் சவாட்ஸ்கியும் கண்ட விடை இதுவே. தளர்வை உண்டாக்க உட்சுவர்ச் செல்கள் விடும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னர் தெளிவாகி, 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே வளையத்தை 1 மைக்ரோமோலார் ஃபினைல்எஃப்ரினால் சுருக்கி, 10 மைக்ரோமோலார் அசிடைல்கோலின் விட்டுப் பார்க்காமல் அடுத்த அடி வைக்கக்கூடாது. 80 சதவீதம் தளர்ந்தால் எண்டோதீலியம் இருக்கிறது. வேண்டுமென்றே உரசி நீக்கிய வளையம் 10 சதவீதம்கூடத் தளரக்கூடாது. நடுவில் நிற்கும் வளையம் எதற்கும் உதவாது.

பிறகுதான் ஃபிளேவனாய்டு. க்வெர்செட்டின் என்ற ஃபிளேவனாய்டு 3.02 மில்லிகிராமை 1 மில்லி டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதில் 10 மைக்ரோலிட்டர் பாத்தில் விழுந்தால் 10 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம். படிப்படியாகச் சேர்க்கும்போது டிஎம்எஸ்ஓவும் கூடிக்கொண்டே போவதைப் பலர் கவனிப்பதில்லை. இன்னொரு வளையத்தில் அதே அளவு டிஎம்எஸ்ஓவை மட்டும் விட்டுப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் குமிழும் வெதுவெதுப்பான கரைசலில் க்வெர்செட்டின் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து சூப்பராக்சைடை உண்டாக்கும். அது நைட்ரிக் ஆக்சைடைத் தின்றுவிடும். அதனால் பாத்தில் போட்டதும் அளக்க வேண்டும், காலையில் நீர்த்துவைத்ததை மாலையில் எடுக்கக்கூடாது.

எந்த வழியில் தளர்கிறது என்பதைத் தடுப்பான்கள் சொல்லும். நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைத் தடுக்கும் எல்-நேம் 100 மைக்ரோமோலார் விட்டதும் விளைவு குறைந்தால் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பங்குண்டு. 80 மில்லிமோலார் பொட்டாசியத்தால் சுருங்கிய வளையமும் தளர்ந்தால், பொட்டாசியம் கால்வாய் திறப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது. கால்சியம் நுழைவு தடைபடுகிறதா என்று பார்க்கலாம். எலி அயோர்ட்டாவில் க்வெர்செட்டின் எண்டோதீலியம் இல்லாமலும் தளர்த்துகிறது, தசைச் செல்லிலேயே வேலை செய்கிறது. எண்டோதீலியம்தான் எல்லாம் என்று எழுதிவரும் அறிக்கைகளை நாங்கள் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

முழுச் சாறு என்றால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். முருங்கை இலையில் பொட்டாசியம் நிறைய. சாற்றை அதிக அளவில் விட்டால் அதுவே சில நாளங்களைத் தளர்த்தலாம், மேலும் ஏறினால் சுருக்கலாம். சாற்றைச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பல் கரைசலையும் ஒரு வளையத்தில் விட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும். கிராம்பில் யூஜெனால் தனியாகவே நாளத்தைத் தளர்த்தும். ஃபிளேவனாய்டுக்குக் கிடைக்கும் புகழ் பல நேரம் அதற்குச் சேர வேண்டியது.

பாத்தில் 10 முதல் 100 மைக்ரோமோலாரில் கண்ட விளைவைச் சாப்பாட்டுத் தட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. வெங்காயம் தின்றபின் இரத்தத்தில் காணும் க்வெர்செட்டின் பெரும்பாலும் 1 மைக்ரோமோலாருக்கும் கீழ். அதுவும் குடலிலும் கல்லீரலிலும் குளுக்குரோனைடு, சல்பேட்டு சேர்ந்து உருமாறியது. அந்த உருமாறிய வடிவங்களை விலைக்கு வாங்கலாம், விலைதான் கடிக்கும். ஒரு ப்ராஜெக்டில் அவற்றில் ஒன்றையாவது வளையத்தில் விட்டுப் பார்ப்பது, புதிதாக இன்னொரு இலையைச் சாறெடுப்பதைவிடப் பயனுள்ளது.