பட்டாளத்துப் பெரியப்பாரு: ஒரு தேடலின் நாட்குறிப்பு

2025 ஜனவரி 16, வியாழன். காங்கயம் அருகே

பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது அட்டாலியிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியை இன்றுதான் திறந்து பார்க்க முடிந்தது. பழைய கிரயப் பத்திரங்களுக்கு அடியில், துணியில் முடிந்து வைத்த ஆறு முனை நட்சத்திரப் பதக்கம் ஒன்றும், மடித்த இடத்தில் கிழியத் தொடங்கிய மணியார்டர் கூப்பன் ஒன்றும் இருந்தன. பதக்கத்தின் நாடா மங்கியிருந்தாலும் நிறம் தெரிந்தது: நடுவில் அகலமான சிவப்பு, இருபுறமும் நீலம், அந்த நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு. அது பர்மா ஸ்டார். இரண்டாம் உலகப் போரில் பர்மா களத்தில் பணியாற்றியவர்களுக்குத் தரப்பட்டது.

அது எங்கள் அப்பாருவின், அதாவது தாத்தாவின், அண்ணனுடையது; எங்களுக்குப் பெரியப்பாரு. பட்டாளத்துக்குப் போனார், திரும்பவில்லை, தந்தி வந்தது என்பதற்கு மேல் குடும்பத்தில் எவருக்கும் எதுவும் தெரியாது. பர்மாக் காட்டில் ஜப்பான்காரன் சுட்டுவிட்டான் என்றுதான் சிறு வயதிலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். இறந்த நாள் தெரியாததால், ஆடி அமாவாசையன்று கொடுமுடியில் மற்றவர்களோடு சேர்த்து அவருக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்து வருகிறோம்.

பதக்கத்தை எடுத்துப்போய் ஆத்தாவின் கையில் வைத்தேன். ஆத்தா அவருடைய கடைசித் தங்கை; வயது 91. அவரை நினைவில் வைத்திருப்பவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் ஆத்தா ஒருவர்தான். வெகுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "எங்கண்ணனுக்கு ஆரு கொள்ளி வெச்சாங்க கண்ணு?"

எண்பது வருடமாக அந்தக் கேள்வி இந்த வீட்டில் இருந்திருக்கிறது. எங்களில் எவரும் அதைக் காதில் வாங்கியதில்லை.

2025 ஜனவரி 19, ஞாயிறு

கூப்பனைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அனுப்பிய இடமாக ஊர்ப்பெயர் இல்லை. களத் தபால் நிலையத்தின் எண் மட்டும் முத்திரையில் இருக்கிறது. படை எங்கே நிற்கிறது என்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படி எண்ணால் குறித்தார்கள். ஆனால் அனுப்பியவர் பெயருக்கு முன்னால், ஊதா மசியில், படை எண் முழுதாக இருக்கிறது. பெயரைவிட எனக்கு அதுதான் பெரிது. கொங்கு நாட்டில் சாமியில் முடியும் பெயர் ஊருக்குப் பத்துப் பேருக்கு உண்டு; எண் ஒருவருக்குத்தான்.

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

இரண்டு உலகப் போர்களிலும் இறந்த காமன்வெல்த் வீரர்களின் பெயர்களைப் போர்க் கல்லறை ஆணையம் இணையத்தில் தேடக் கொடுத்திருக்கிறது. கடந்த இரண்டு வார இரவுகள் அதில்தான் போயின. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நான் தடுமாறிய இடங்களை எழுதி வைக்கிறேன்.

முதலாவது, எழுத்து. நம் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவர் தமிழராக இருந்திருக்க வேண்டியதில்லை. சாமி என்பது ஸ்வாமி, ஸாமி, ஸாவ்மி என்று எப்படியும் ஆகியிருக்கும். பழைய கால எழுத்துக்கூட்டல்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்க வேண்டும். தகப்பனார் பெயர் நமக்கு முன்னெழுத்து. பட்டாளப் பதிவில் அது "இன்னாரின் மகன்" என்று தனியே நிற்கும்.

இரண்டாவது, மாவட்டம். எங்கள் ஊர் இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2009க்கு முன் ஈரோடு மாவட்டம். ஈரோடு தனி மாவட்டமானதே 1979இல்தான். போர்க்காலத்தில் தாராபுரம், கோபி, பவானி, உடுமலை எல்லாமே கோயம்புத்தூர் மாவட்டம். ஆகவே எந்த ஊர்க்காரராக இருந்தாலும் கோயம்புத்தூர் என்றே தேட வேண்டும். நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்தார் சேலம் என்று தேடலாம்.

இரவு பதினொன்றரைக்கு எண் ஒத்துப்போனது. டிரைவர், ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ் (படைக்குச் சரக்கு கொண்டு சேர்க்கும் பிரிவு). இறந்த நாள் 1944 ஜூன் 10. தகப்பனார் பெயரும் தாயார் பெயரும் சரியாக இருக்கின்றன. ஊர்ப்பெயரில் மட்டும் இரண்டு எழுத்து பிசகு. கடைசியாக, பெயர் பொறிக்கப்பட்ட இடம்: இம்பால் தகன நினைவுச்சின்னம்.

தகனம் என்ற அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உடல் கிடைக்காத வீரர்களின் பெயர்கள் ரங்கூன் நினைவுச்சின்னத்தில் இருக்கின்றன. கிட்டத்தட்ட 27,000 பேர். அவர் அந்தப் பட்டியலில் இல்லை. இம்பாலில் இருப்பது, தங்கள் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட 868 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள். அவற்றுள் ஒன்று அவருடையது.

2025 பிப்ரவரி 3, திங்கள்

விடிந்ததும் ஆத்தாவிடம் சொன்னேன். "காட்டுல உட்டுட்டுப் போகலீங்க ஆத்தா. முறைப்படி எரிச்சிருக்காங்க. பேரு கல்லுல இருக்குதுங்க." ஒன்றும் பேசவில்லை. மதியம் வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு சோறு போடச் சொன்னார்.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

1944 மார்ச் இறுதியில் ஜப்பானியர் இம்பாலுக்கு வரும் திமாப்பூர்ச் சாலையைத் துண்டித்துவிட்டார்கள். ஜூன் 22ஆம் நாள் 109ஆம் மைல்கல் அருகே கோஹிமாவிலிருந்து இறங்கிய படையும் இம்பாலிலிருந்து ஏறிய படையும் சந்திக்கும் வரை இம்பாலுக்குத் தரைவழியே எதுவும் போகவில்லை. அரிசி, பெட்ரோல், குண்டு, மருந்து எல்லாம் விமானத்தில் வந்தன. காயம்பட்டவர்கள் அதே விமானங்களில் வெளியேறினார்கள். சமவெளியில் இருந்த விமானத்தளங்களில் இறங்கிய சரக்கைக் கிடங்குகளுக்கும் முகாம்களுக்கும் கொண்டு சேர்த்தவை லாரிகள். பெரியப்பாருவின் வேலை அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். சாலை திறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது இறந்திருக்கிறார்.

துப்பாக்கி பிடித்துச் சண்டையிட்டவர் என்று நம்பி வளர்ந்த எனக்கு, லாரி ஓட்டியவர் என்று அறிந்ததில் ஒரு குறையும் இல்லை. முற்றுகையிடப்பட்ட ஊரில் மழைக்காலச் சேற்றுக்குள் அரிசி மூட்டையை ஏற்றிப் போகிறவன் வந்து சேராவிட்டால் முன்னால் நிற்பவன் என்ன செய்வான்?

2025 ஏப்ரல் 4, வெள்ளி

பெங்களூரிலுள்ள ஆவண அலுவலகத்துக்கு எழுதியதற்குப் பதில் வந்தது. இந்தியச் சிப்பாய்களின் பணிப் பதிவுகளைப் பிரிட்டன் எடுத்துச் செல்லவில்லை; அவை அந்தந்த ரெஜிமென்ட், கார்ப்ஸ்களின் ஆவண அலுவலகங்களிலேயே தங்கின. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர் என்றால் பெங்களூர். இவர் இருந்த கார்ப்ஸ் 1950இல் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ் என்று பெயர் மாறியது. ஷீட் ரோல் எனப்படும் தனிநபர் பதிவேடு இப்போது இல்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் அவற்றை அழித்துவிடுவது நடைமுறை. எஞ்சியிருப்பது லாங் ரோல் என்ற பெரிய பதிவேட்டில் ஒரே ஒரு வரி.

சேர்ந்தது 1942 அக்டோபர், கோயம்புத்தூர். தாலுகா தாராபுரம். வாரிசு, தாய். இறப்புக் காரணம், நோய்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் தேதிதான், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது, சூலூர் விமானத்தளம் எரிக்கப்பட்டது. ஒரே மாவட்டத்தில், ஒரே பருவத்தில், சிலர் அந்த வழக்கில் சிறைக்குப் போனார்கள். சிலர் சம்பளத்துக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். வீட்டில் மழை பொய்த்த மேட்டுக்காடும் ஐந்து உடன்பிறப்புகளும் இருந்ததை அறிந்த நான் அவரை எந்தத் தட்டிலும் வைத்து நிறுக்கமாட்டேன்.

நோய் என்றால் எது என்று பதிவு சொல்லவில்லை. 1943இல் அந்தக் களத்தில் காயத்தால் வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு 120 பேர் நோயால் வெளியேறினார்கள். மலேரியா, சீதபேதி, இங்கே உண்ணிக் காய்ச்சல் என்று சொல்கிற ஸ்கிரப் டைபஸ் என எதுவாகவும் இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலைக் குணப்படுத்தும் மருந்து 1948இல்தான் வந்தது.

2025 ஏப்ரல் 27, ஞாயிறு

லண்டனில் இருக்கும் மச்சான் மகன், கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய், பெரியப்பாரு இருந்த கம்பெனியின் போர் நாட்குறிப்பைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். தென்கிழக்கு ஆசியக் களத்தின் நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் உள்ளன. ஜூன் 10ஆம் தேதிக்கு எதிரே இரண்டு வரி: கனமழை, ஓடும் நிலையிலுள்ள வண்டிகளின் எண்ணிக்கை. அவர் பெயர் இல்லை. சாதாரணச் சிப்பாயின் பெயர் இத்தகைய குறிப்புகளில் அரிதாகவே வரும் என்று தெரிந்திருந்தும், பக்கத்தைப் பெரிதாக்கி ஓரங்களையெல்லாம் தேடினேன்.

ஊர்ப்பெயரில் உள்ள பிழையைத் திருத்தக் கோரி, கூப்பனின் படத்தோடு ஆணையத்துக்கு எழுதிவிட்டேன்.

2025 மே 16, வெள்ளி. கொடுமுடி

தாரண வருடப் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொன்னார்கள்: 1944 ஜூன் 10, வைகாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தி. அந்தத் திதி இந்த வருடம் இன்று வந்தது.

ஆத்தாவைக் காரில் கூட்டி வந்து, படித்துறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அப்பா தர்ப்பைப் பவித்திரம் அணிந்து உட்கார்ந்தார். பெயர் கேட்டார்கள், தகப்பனார் பெயர் கேட்டார்கள், சொன்னார். எந்த ஊரில் காலமானார் என்று கேட்டதற்கு அப்பா வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஆத்தா சொன்னார்: "இம்பாலுங்க."